வராமீனிலிருந்து ஹொனலூலுவுக்கு: ஒரு மிஹ்ராபும் ஒரு செல்வச் சீமாட்டியும்

ஹிஜ்ரி 663, ஷஅபான் மாதம். கிறித்தவக் கணக்கில் 1265ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பக்தாத் மங்கோலியர் கையில் வீழ்ந்து ஏழாண்டுகளே ஆகியிருந்தன. அந்நகரை அழித்த ஹுலாகு கான் அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் மாண்டிருந்தான். கிலாஃபத்தின் தலைநகரே சாம்பலான பின்பு இஸ்லாமியக் கலைகள் ஒரு தலைமுறையேனும் உறங்கிப்போயிருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆயினும் அந்த மாதத்தில், காஷான் நகரத்துக் குயவர் மரபில் வந்த அலீ இப்னு முஹம்மத் இப்னு அபீ தாஹிர் என்னும் கலைஞர், பொன்போல் மின்னும் ஓடுகளால் ஆன ஒரு மிஹ்ராபை முடித்துத் தம் பெயரையும் மாதத்தையும் அதில் பொறித்தார். தெஹ்ரானுக்குத் தெற்கே வராமீன் என்னும் ஊரில் உள்ள இமாம்சாதா யஹ்யா அடக்கத்தலத்துக்காகச் செய்யப்பட்டது அது. ‘இமாம்சாதா’ என்பதை நம் வழக்கில் தர்கா எனலாம். அங்கு அடங்கியிருப்பவர் இமாம் ஹஸன் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்.

ஏறத்தாழ 12 அடி உயரமுள்ள அந்த மிஹ்ராப் இன்று வராமீனில் இல்லை. பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலூலுவில், கடலை நோக்கி நிற்கும் ஒரு மாளிகையின் அறையில் இருக்கிறது. அதை அங்கே கொண்டு சேர்த்தவர் டோரிஸ் டியூக் என்னும் அமெரிக்கப் பெண்மணி. உலகின் மிகப் பெரிய செல்வச் சிறுமி என்று செய்தித்தாள்கள் ஒரு காலத்தில் அவரை அழைத்தன. அமெரிக்கச் செல்வச் சீமாட்டிகள் பலர் கலைப்பொருள் சேர்த்தனர். ஆனால் தம் வாழ்நாள் இல்லத்தையே இஸ்லாமியக் கலையால் கட்டியெழுப்பியவர் என்று இவரைத்தான் சுட்ட வேண்டும். அவருடைய கதையை முழுமையாகப் புகழ்வதும் கடினம், முழுமையாக இகழ்வதும் கடினம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தந்தை ஜேம்ஸ் புக்கானன் டியூக், வட கரோலினாவின் டர்ஹாம் நகரத்துப் புகையிலை வணிகர். சிகரெட்டுகளைக் கையால் சுருட்டி வந்த காலத்தில், 1880களின் நடுவில், நிமிடத்துக்கு 200 சிகரெட் சுற்றும் பான்சாக் எந்திரத்தைத் துணிந்து ஏற்றவர். 1890இல் போட்டியாளர்களையும் சேர்த்துக்கொண்டு அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை நிறுவினார். அதன் ஏகபோகத்தை 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்தது. அதற்கு முன்பே, 1902இல் உருவான பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்துக்கும் அவரே முதல் தலைவர். இந்தியாவில் 1910இல் தொடங்கப்பட்ட இம்பீரியல் டொபாக்கோ அந்த நிறுவனத்தின் கிளைதான். நம் பாட்டன்மார் பெட்டிக்கடையில் வாங்கிய சிகரெட்டின் காசிலும் ஒரு துளி அந்த வழியில் போயிருக்கும்.

இன்னொரு செய்தி நம் வாசகர்களுக்கு உறுத்தலாக இருக்கலாம். அக்காலத்தில் துருக்கிப் புகையிலை கலந்த சிகரெட்டுகளுக்கு அமெரிக்காவில் பெரும் மோகம் இருந்தது. ஆகவே அவற்றுக்குக் கீழைநாட்டுப் பெயர்களைச் சூட்டினர். அமெரிக்கன் டொபாக்கோ விற்ற சிகரெட் வகைகளில் ஒன்றின் பெயர் ‘மெக்கா’. 1911இல் அதன் பெட்டிகளுக்குள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படஅட்டைகளை வைத்து விற்றனர். அந்த அட்டைகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். புனித நகரின் பெயரைப் புகைக்கும் பொருளுக்குச் சூட்டியதில் தவறிருப்பதாக அவர்கள் எண்ணியதற்கு அடையாளமே இல்லை. இஸ்லாமிய உலகம் அவர்களுக்கு ஓர் அலங்காரம், அவ்வளவே. மகளின் வாழ்க்கையைப் படிக்கும்போது இதை மறக்கலாகாது. தந்தைக்குப் பெட்டியின்மேல் ஒட்டும் ஓவியமாக இருந்ததை மகள் என்னவாகக் கண்டார் என்பதே என் வினா.

டோரிஸ் 1912 நவம்பர் 22 அன்று நியூயார்க்கில் பிறந்தார். 1925இல் தந்தை இறந்தபோது வயது பன்னிரண்டு. ஒரே மகள். செல்வத்தின் பெரும்பகுதி அவர் பெயருக்கு வந்தது. குடும்பச் சொத்துகளைத் தாய் விற்க முயன்றபோது, பதினான்கு வயதில் தாயின்மீதே வழக்காடி அதைத் தடுத்தார். பத்திரிகைக்காரர்களின் தொல்லை, ஆள்கடத்துவோரைப் பற்றிய அச்சம், சுற்றியிருப்போர் தம்மை விரும்புகிறார்களா தம் பணத்தையா என்னும் ஐயம் ஆகிய மூன்றும் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதே 1912 நவம்பரில் பிறந்த உல்வொர்த் குடும்பத்துப் பார்பரா ஹட்டன் இவருக்கு இணையாகப் பேசப்பட்டவர். ஹட்டனும் இஸ்லாமிய உலகை நாடினார். 1946இல் மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் ஓர் அரண்மனையை வாங்கி, ஆண்டுதோறும் விருந்துகள் நடத்தினார். 1979இல் அவர் இறந்தபோது செல்வம் கரைந்துபோயிருந்தது. டியூக்கோ தந்தை விட்டுச்சென்றதைப் பல மடங்காகப் பெருக்கினார். அவர் இறந்தபோது மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

1935 பிப்ரவரியில் ஜேம்ஸ் கிராம்வெல் என்பவரை மணந்து, மாதக்கணக்கில் உலகைச் சுற்றும் தேனிலவுப் பயணம் சென்றார். எகிப்து, இந்தியா, தென்கிழக்கு ஆசியா, சீனம், ஜப்பான் என்று நீண்ட அப்பயணத்தில் அவரைத் தடுத்து நிறுத்திய இடம் ஆக்ரா. தாஜ்மஹாலின் பளிங்கில் செதுக்கிய பூக்களையும் சாளரச் சல்லடைகளையும் கண்டு, அதே முறையில் தமக்கொரு படுக்கையறையும் குளியலறையும் வேண்டுமென முடிவுசெய்தார். டில்லியிலிருந்த பிரான்சிஸ் புளோம்ஃபீல்ட் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைபடம் தந்தார். ஆக்ராவின் இந்தியா மார்பிள் ஒர்க்ஸ் நிறுவனத்தார் பளிங்கைச் செதுக்கினர். ஷாஜஹான் தம் மனைவியின் அடக்கத்தலத்துக்குச் செய்வித்த பூவேலை, ஓர் அமெரிக்கப் பெண்ணின் குளியலறைக்கு வந்து சேர்ந்தது. இதைப் படிக்கையில் முகஞ்சுளிப்பது இயல்பு. ஆனால் அதே வேளையில், முகலாயர் காலத்துக்குப்பின் புரவலரை இழந்து, வெள்ளைக்கார யாத்திரிகருக்குச் சிறு பளிங்குத் தட்டுகள் விற்றுப் பிழைத்துவந்த ஆக்ராக் கைவினைஞருக்கு, ஒரு முழுச் சுவரைச் செதுக்கும் வேலையும் கிடைத்தது.

அந்தப் பளிங்கறை முதலில் ஃபுளோரிடாவின் பாம் பீச்சுக்கென்றே எண்ணப்பட்டது. பயணத்தின் கடைசிக் கட்டமான ஹவாய் அந்த எண்ணத்தை மாற்றியது. சில வாரங்களுக்கென வந்தவர்கள் சில மாதங்கள் தங்கினர். அங்கே அவருக்குக் கிடைத்தது, எவரும் உற்றுப் பார்க்காத வாழ்வு. ஹவாயின் புகழ்பெற்ற நீச்சல் வீரர்களான கஹானமோகு சகோதரர்கள் அவருக்கு நண்பர்களாயினர். அலைச்சறுக்கு கற்றுக்கொண்டார். 1936இல் கடலோரப் பாறைமுனையில் ஏறத்தாழ 5 ஏக்கர் நிலம் வாங்கி, பாம் பீச்சின் கட்டடக் கலைஞர் மரியன் சிம்ஸ் வைத்தைக் கொண்டு மாளிகை எழுப்பத் தொடங்கினார். 1938 இறுதியில் குடிபுகுந்தார். ‘ஷாங்க்ரி லா’ என்னும் அதன் பெயர் அப்போது புகழ்பெற்றிருந்த ஆங்கிலப் புதினம் ஒன்றிலிருந்து வந்தது. இஸ்லாமிய மரபுக்கும் அப்பெயருக்கும் எந்தத் தொடர்புமில்லை.

அந்த வீட்டின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். உள்ளே நுழைந்தபின் நடுமுற்றம். அதைச் சுற்றி அறைகள். டமாஸ்கஸிலும் ஃபெஸ் நகரிலும், ஏன், நம் காயல்பட்டினத்துப் பழைய வீடுகளிலும் உள்ள அதே அடக்கம்: அழகை உள்ளே வைத்துத் தெருவுக்கு வெறுஞ்சுவரைக் காட்டுதல். செதுக்கி வண்ணம் தீட்டிய மரக்கூரைகளை மொராக்கோவின் ரபாத் நகரத்துப் பட்டறையொன்று 1937இல் ஏற்ற ஆணைப்படி செய்து அனுப்பியது. தோட்டத்தின் ஒரு பகுதி லாஹூரின் ஷாலிமார் தோட்டத்தைப் பின்பற்றியது. நீச்சல்குளத்தின் மறுகரையில் உள்ள விருந்தினர் கட்டடம் இஸ்பஹானின் சிஹில் சுதூன் மண்டபத்தின் சிறிய படி. ‘நாற்பது தூண்கள்’ என்பது அம்மண்டபத்தின் பெயருக்குப் பொருள். தூண்கள் இருபதே. முன்னுள்ள குளத்தில் விழும் நிழல்களையும் சேர்த்தே நாற்பது என்பர். ஹொனலூலுவில் அந்த நிழல் நீச்சல்குளத்து நீரில் விழுகிறது.

1938 இளவேனிலில் அவர் எகிப்து, சிரியா, ஈராக், ஈரான், துருக்கி நாடுகளில் சுற்றினார். ஈரானில் வழிகாட்டியவர் ஆர்தர் உப்ஹாம் போப். பாரசீகக் கலையைப் பற்றிய பெருந்தொகுதிகளை அப்போது வெளியிட்டுக்கொண்டிருந்த அமெரிக்க அறிஞர். அறிஞராக இருந்துகொண்டே கலைப்பொருள் விற்பனையிலும் கைவைத்திருந்தவர். இவ்விரு தொழிலும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்ததால், அவர் எழுதிய எதையும் ஓர் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. இஸ்பஹானின் ஷாஹ் பள்ளிவாசலின் ஓட்டுச்சித்திரங்களைக் கண்ட டியூக், அதே வடிவில் தம் முற்றத்துக்கு ஓடுகள் வேண்டினார். அய்யூப் ரபேனு என்னும் வணிகர் வழியாக இஸ்பஹான் கைவினைஞருக்கு அந்த வேலை போயிற்று. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியோடு சுட்டு, தாளில் வரைந்த மாதிரிப்படி இலையிலையாக இதழிதழாக வெட்டி, முகங்குப்புற அடுக்கி, பின்புறம் சாந்து வார்த்து, காய்ந்தபின் பலகைபோல் நிமிர்த்துவது அவர்களின் முறை. ஸஃபவீ மன்னர்களின் காலத்தில் கற்ற அம்முறையை அவர்கள் மறக்கவில்லை. மிக அண்மையில் பழுதுபார்க்கப்பட்ட பள்ளிவாசல்களே அவர்களின் பயிற்சிக்கூடம். இந்த ஓடுகளை நான் போலி என்று சொல்லமாட்டேன். அதே ஊரார், அதே முறையில், கூலிக்குச் செய்தவை. ஷாஹ் அப்பாஸும் கூலி கொடுத்தே செய்வித்தார்.

மிஹ்ராபின் வழக்கு வேறு. அது ஆணையிட்டுச் செய்வித்ததன்று. ஓர் அடக்கத்தலத்தின் கிப்லாச் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது.

அதைச் செய்த குடும்பத்தைப் பற்றி இரண்டொரு சொல். அபூ தாஹிரின் வழியினர் நான்கு தலைமுறைகளாகக் காஷானில் மின்னோடு செய்தவர்கள். வெள்ளைப் பூச்சுடைய ஓட்டை முதலில் ஒருமுறை சுட்டெடுப்பர். பிறகு வெள்ளியும் செம்பும் கலந்த சேர்மானத்தால் அதன்மேல் எழுதி, புகை மண்டிய சூளையில் காற்றைக் குறைத்து மறுபடியும் சுடுவர். உலோகம் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். தேய்த்தால் பொன்னொளி. சூடு சிறிது மிகுந்தாலும் குறைந்தாலும் அனைத்தும் வீண். கலைஞர் அலீயின் மகன்களில் யூசுஃப் தந்தையின் தொழிலைத் தொடர்ந்தார். இன்னொரு மகன் அபுல் காஸிம் மங்கோலிய அரசவையில் எழுத்தராகவும் வரலாற்றாசிரியராகவும் உயர்ந்து, 1301இல் மணிக்கற்களைப் பற்றிய நூலொன்றில் குடும்பத்தின் ஓட்டுத்தொழில் நுட்பங்களையும் எழுதிவைத்தார். குயவர் மரபின் இரகசியத்தை அக்குடும்பத்து மகனே எழுதித் தந்தது அரிதான செய்தி. இன்றைய அறிவியலாளர் அந்நூலை வைத்தே பழைய சூளைகளைப் புரிந்துகொள்கின்றனர்.

வராமீன் தலத்தின் சுவர்களில் ஒரு காலத்தில் விண்மீன் வடிவிலும் சிலுவை வடிவிலும் வெட்டிய நூற்றுக்கணக்கான மின்னோடுகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐரோப்பியரின் ஆசை தெஹ்ரானை எட்டியதும், ஒவ்வொன்றாய் மறைந்தன. 1870களிலேயே லண்டன் அருங்காட்சியகத்துக்கு அவை போய்ச் சேரத் தொடங்கிவிட்டன. 1881இல் பிரெஞ்சுப் பயணி ஜான் தியூலாஃபுவா அம்மையார் அங்குச் சென்றபோது சுவரோடுகள் பெரிதும் போயிருந்தன. மிஹ்ராப் மட்டும் நின்றது. அதன்பின் இருபதாண்டுகளுக்குள் அதுவும் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா போயிற்று. பின்னர் ஆர்மீனிய வணிகர் ஹாகோப் கெவோர்கியன் கைக்கு வந்தது. 1931இல் லண்டனில் நடந்த பாரசீகக் கலைப் பெருங்காட்சியில் அது வைக்கப்பட்டது. தொல்பொருள் வெளியேறுவதைத் தடுக்க ஈரான் சட்டமியற்றியது 1930இல். பத்தாண்டுகள் கழித்து, 1940இல், கெவோர்கியனிடமிருந்து டியூக் அதை வாங்கினார். அந்த ஆண்டு ஜூலையில்தான் அவருடைய ஒரே குழந்தை, குறைமாதத்தில் பிறந்து, ஒரு நாளே வாழ்ந்து இறந்தது. இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

இங்கே மார்க்கச் சட்டத்தின் கண்ணோடு பார்ப்பது தவிர்க்க முடியாதது. வணக்கத்தலத்துக்கென விடப்பட்ட பொருள் வக்ஃப். அதை விற்கவும் கூடாது, அன்பளிப்பாகத் தரவும் கூடாது, வாரிசுச் சொத்தாகப் பங்கிடவும் கூடாது. ஃபிக்ஹ் படித்த மாணவன் எவனும் இதை அறிவான். சுவரிலிருந்து பெயர்த்தவனுக்கு உரிமையில்லை என்றால், அவனிடம் வாங்கியவனுக்கு எங்கிருந்து உரிமை வரும்? அவனிடமிருந்து வாங்கிய சீமாட்டிக்கு? ‘அங்கே இருந்திருந்தால் அழிந்திருக்கும், நாங்கள் காப்பாற்றினோம்’ என்பது மேலை அருங்காட்சியகங்கள் வழக்கமாகச் சொல்லும் விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வாங்க ஆளில்லையேல் பெயர்க்க ஆளிருந்திருக்கமாட்டான். நோயைப் பரப்பியவனே மருத்துவனாக வந்து நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நம்மவர் பங்கையும் மறைக்கலாகாது. அந்த ஓடுகளை இரவில் பெயர்த்துச் சந்தையில் விற்ற கைகள் ஐரோப்பியருடையவை அல்ல.

சிரியாவின் அறைகளும் இதே வழியில் வந்தன. டமாஸ்கஸ் செல்வர் இல்லங்களின் வண்ண மரச்சுவர்ப் பலகைகளை 1950களில் ஒரு முறையும், கெவோர்கியன் சேகரித்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த இன்னொரு தொகுதியை 1970களில் மறுமுறையும் வாங்கி, இரண்டு அறைகளாகப் பொருத்தினார். பின்னது குவத்லீ குடும்பத்து வீட்டிலிருந்து வந்தது. அதே வணிகர் கைவழி வந்த மற்றொரு டமாஸ்கஸ் அறை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 2011க்குப் பின்னான போரில் சிரியாவின் பழைய வீடுகள் பட்ட பாட்டை எண்ணும்போது, மேலே நான் சொன்ன கண்டிப்பு சற்றுத் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முரண்பாடுதான். இந்தப் பொருளில் முரண்படாமல் எழுத எனக்குத் தெரியவில்லை.

டியூக்கின் மற்ற வாழ்வைச் சுருக்கமாகக் கடந்து செல்லலாம். 1943இல் முதல் மணம் முறிந்தது. 1947இல் டொமினிக்கன் நாட்டுத் தூதர் ரூபிரோசாவுடன் செய்த மறுமணம் ஓராண்டளவே நின்றது. 1966இல் நியூபோர்ட் மாளிகை வாயிலில், அவர் ஓட்டிய கார் மோதி அவருடைய உள்ளலங்காரக் கலைஞர் இறந்தார். காவல்துறை விபத்தென முடித்தது. அந்நகரில் பேச்சு அடங்கவில்லை. 1968இல் அதே நகரின் பழைய மரவீடுகளைக் காக்க ஓர் அறநிறுவனம் அமைத்தார். 1988இல் சவூதி வணிகர் அத்னான் கஷோகியிடம் ஒரு போயிங் விமானம் வாங்கியபோது இரண்டு ஒட்டகங்களும் கூடவே வந்தன. நியூபோர்ட்டின் பெருமாளிகைப் புல்வெளியில் அவை மேய்ந்ததைப் பார்த்தோர் பலர். பத்திரிகைகள் இத்தகையவற்றையே எழுதின. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு பெண் ஓடும் துணியும் மரமும் கண்ணாடியுமாக 2,500க்கும் மேற்பட்ட இஸ்லாமியக் கலைப்பொருள்களைச் சேர்த்து, தம் கையாலேயே இடம் மாற்றி மாற்றி அடுக்கிவந்ததை எழுத அவற்றுக்கு நேரமில்லை. அவர் அரபி கற்றவரல்லர். இஸ்லாத்தைத் தழுவியவரல்லர். மிஹ்ராபின் ஓரங்களில் ஓடும் திருக்குர்ஆன் வசனங்கள் அவருக்கு முதலில் கோடுகளாகவே தெரிந்திருக்கும். எனினும் தந்தையின் சிகரெட் பெட்டிக்கும் மகளின் முற்றத்துக்கும் நடுவே ஏதோவொரு தொலைவு கடக்கப்பட்டிருக்கிறது. பொருளின்மீது கொண்ட மதிப்பு, அதைச் செய்தவன்மீதும் சிறிது பரவியது.

1993 அக்டோபரில் டோரிஸ் டியூக் இறந்தார். பணியாள் ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்திருந்த உயிலின்மேல் வழக்குகள் எழுந்து, 1996இல்தான் ஓய்ந்தன. அவ்வுயில் ஷாங்க்ரி லாவை வாரிசுகளுக்கு விடவில்லை, விற்கவும் சொல்லவில்லை. மத்திய கிழக்கின் கலையையும் பண்பாட்டையும் கற்பதற்குரிய இடமாக அதை நடத்த ஓர் அறக்கட்டளை வேண்டும் என்றது. 1998இல் இஸ்லாமியக் கலைக்கான டோரிஸ் டியூக் அறக்கட்டளை தோன்றியது. விற்கவோ பங்கிடவோ கூடாத, பொதுநலனுக்கென ஒதுக்கிய சொத்து. நம் சட்டநூல்களில் இதற்குப் பெயர் உண்டு என்பதை மேலே கண்டோம்.

மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2002 நவம்பரில். 2001 செப்டம்பருக்குப்பின் அமெரிக்காவில் முஸ்லிம் பெயருடையோர் விமான நிலையங்களில் தனியே நிறுத்தப்பட்டுக்கொண்டிருந்த காலம். அண்டை வீட்டாரின் அமைதி கருதி, ஹொனலூலு அருங்காட்சியகத்திலிருந்து சிறு வண்டியில் சிலரை மட்டுமே ஒரு நேரத்தில் அழைத்துச் செல்கின்றனர். ஹவாய்க் கடற்கரையில் விடுமுறை கழிக்க வந்த அமெரிக்கர், கிப்லா என்றால் என்ன, ஒரு சுவரில் ஏன் மாடம் என்னும் விளக்கத்தை வாழ்வில் முதன்முறையாகக் கேட்பது பெரும்பாலும் அங்கேதான். அலீ இப்னு முஹம்மதின் கையெழுத்து அவர்களுக்கு முன்னால் மின்னுகிறது.

வராமீனின் இமாம்சாதா யஹ்யா இன்றும் மக்கள் வந்து செல்லும் தலம். மக்கள் தொழுகின்றனர், ஃபாத்திஹா ஓதுகின்றனர், நேர்ச்சை செய்கின்றனர். ஹிஜ்ரி 707 என்று ஆண்டு பொறித்த சாந்துவேலை எழுத்துப்பட்டை சுவரைச் சுற்றி இன்னும் ஓடுகிறது. பெயர்க்க இயலாததால் தப்பியது அது. கிப்லாச் சுவரில் மிஹ்ராப் இருந்த இடம் வெற்றிடமாகத் தெரிகிறது. அதன் முன்னேதான் இப்போதும் நிற்கின்றனர்.